ஆல் பாஸ்

போர் வரப்போகிறது என்று அந்தத் தெருவில் முதலில் தெரிந்துகொண்டது ஜெராக்ஸ் கடைதான். ரேடியோவெல்லாம் அப்புறம். சாதாரண நாட்களில் அங்கே வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்ஸும் வாடகை ஒப்பந்தமும்தான். அந்த வருடம் மார்ச் பிறந்ததும் ஜனங்கள் வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து வரிசை கட்டி நின்றார்கள். ஆளுக்கு மூன்று காப்பி. வீட்டில் ஒன்று, கைப்பையில் ஒன்று, வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் ஒன்று. எதற்கு என்று கேட்டால், "சும்மா இருக்கட்டும்" என்றார்கள். ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதற்குப் பழுப்பு டேப் வாங்கினார்கள். ஒரே வாரத்தில் கடையில் டேப் காலி.

அந்த மெஷினுக்குப் பின்னால் நின்றவள்தான் வக்கீல். அவள் சட்டம் படித்தவள் இல்லை. பதினேழு வயது, பள்ளியில் கடைசி வகுப்பு. ஏழு வயதில், "வகுப்புல பேசினவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்ற டீச்சரிடம், "நீங்களும்தானே பேசினீங்க, டீச்சர்" என்று கேட்டவள். அன்றைக்கு ஒட்டிய பெயர், பிறகு யார் சுரண்டியும் போகவில்லை. வாய் அப்படி. நியாயம் என்று பட்டுவிட்டால் எதிரே நிற்பது யார் என்று பார்க்க மாட்டாள். நியாயம் இல்லை என்று தெரிந்தாலும் சில சமயம் பார்க்க மாட்டாள்.

கடை அம்மாவுடையது. அம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "எழுத்து நேரா விழுந்திருக்கான்னு பாரு. என்ன எழுதியிருக்குன்னு பாக்காதே." வக்கீல் அந்தச் சட்டத்தை ஒரு நாள்கூடக் காப்பாற்றியதில்லை. ஊரில் பாதிப் பேரின் குடும்பக் கதை அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒன்று, அதில் ஒரு வரி வெளியே வந்ததில்லை.

அப்பா போன சண்டைக்குப் போய் வந்தவர். கை இருக்கிறது, கால் இருக்கிறது, காது இரண்டும் அங்கேயே போய்விட்டது. கடையின் மூலையில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு ஸ்பைரல் பைண்டிங் போடுவார். தன் குரல் தனக்கே கேட்காததால், ரகசியம் பேசினாலும் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அம்மாவின் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. கைக்கு வந்த காகிதத்தையெல்லாம் வரி விடாமல் படிப்பார்.

இனி அண்ணன். அவனுக்குப் பதினெட்டரை. தங்கையைவிட ஒரு வயதுக்கு மேலே மூத்தவன். கணக்கில் ஒரு வருடம் வழுக்கி விழுந்ததால் தங்கையோடு அதே வகுப்பில், அதே வரிசையில் உட்கார்ந்தவன். பெயர் சீனியர். அவளுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்றால் "அண்ணா", மற்ற நேரமெல்லாம் "டேய்". நல்ல உயரம், நல்ல மனசு. கணக்கு மட்டும் தலைகீழாக நின்றாலும் ஏறாது.

கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் தலைமையாசிரியர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு: 'பார்க்கலாம்'. கழிப்பறைக் கதவு உடைந்திருக்கிறது சார் என்றாலும் பார்க்கலாம், டூர் போகலாமா சார் என்றாலும் பார்க்கலாம். இருபத்தாறு வருட வேலையில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லி அவர் யாரிடமும் மாட்டிக்கொண்டதில்லை. சீனியரின் அரைப் பரீட்சைத் தாளைக் கொடுக்கும்போது மட்டும் மனிதர் கொஞ்சம் துணிந்துவிட்டார். "கணக்குல நீ பாஸாகணும்னா உலகப் போர்தான்டா வரணும்" என்றார். வகுப்பே சிரித்தது. சீனியரும் சேர்ந்து சிரித்தான்.

மார்ச் கடைசியில் அரசாங்க உத்தரவு வந்தது. நாட்டின் நிலைமை காரணமாகப் பொதுத்தேர்வு ரத்து. கடைசி வகுப்பில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஆல் பாஸ்.

தலைமையாசிரியர் அதைப் படித்து முடிப்பதற்குள் வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது. நோட்டுகள் பறந்தன. சீனியர் பெஞ்சின் மேலே ஏறி ஆடினான். "சார், நீங்க கேட்ட உலகப் போரு வந்துடுச்சு பாருங்க!" என்று கத்தினான். தலைமையாசிரியருக்கு முகம் செத்துப்போனது. அன்றைக்குச் சொன்ன வார்த்தையை அள்ளித் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடிந்தால் போட்டுக்கொண்டிருப்பார்.

வக்கீல் மட்டும் ஆடவில்லை. அவளுக்குச் சட்டம் தெரியும். படைப்பதிவு அறிவிப்பை அவள்தான் கடையில் இருநூறு காப்பி போட்டிருந்தாள். பதினெட்டு முடிந்து, பள்ளியைவிட்டு வெளியேறியவர்கள் படைப்பதிவில் சேர வேண்டும். பையன்களுக்குத் துப்பாக்கி, பெண்களுக்குக் குண்டு செய்கிற தொழிற்சாலை. பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறவரை, இருபது வயதுவரை யாரும் தொட முடியாது.

"பாஸானா ஸ்கூலைவிட்டு வெளிய" என்றாள் அவள், பெஞ்சின் மேலே நின்ற அண்ணனைப் பார்த்து. "வெளிய போனா அப்புறம் எங்க போவே?"

ஆட்டம் ஒவ்வொரு பெஞ்சாக நின்றது. முப்பத்தொரு பேர் அந்த வகுப்பில். பத்தொன்பது பேருக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. மிச்சப் பேருக்கு இன்றோ நாளையோ. சீனியர் கீழே இறங்கி, தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

வீட்டில் அன்று மாலையே சண்டை.

"வெள்ளிக்கிழமை சர்ட்டிபிகேட் குடுக்கறப்போ நீ கையெழுத்துப் போடாதே" என்றாள் வக்கீல். "வாங்கினாத்தானே ரிஜிஸ்டர்லேர்ந்து பேரை அடிப்பாங்க?"

"போடுவேன்" என்றான் அவன். "உனக்கென்னடி, நீ எந்த வருஷமும் பாஸு. எனக்குன்னு கணக்குல தேர்ச்சின்னு எழுதின ஒரு காகிதம் இருக்கா இந்த வீட்ல? நாய் படாத பாடு பட்டிருக்கேன் அந்த ஒரு வார்த்தைக்கு. இப்போ சும்மா குடுக்கறான், வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

"சும்மாவா குடுக்கறான்? பதிலுக்கு உன்னைக் கேக்கறான்டா!"

"என்னைத்தானே கேக்கறான். உன்னை இல்லியே."

அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். மூலையில் இருந்த அப்பா, "என்னடி சொல்றான் அவன்?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். யாருக்கும் அதை ஒரு சிலேட்டில் எழுதிக் காட்ட மனசு வரவில்லை.

வக்கீலுக்குப் பயமாக இருந்தது. எந்த வாதமும் வராத பயம். இவன் போவான், தாள் வாங்கின சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே போவான், திரும்பி வர மாட்டான். என் அண்ணனை விட மாட்டேன், அது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. எப்படி என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூட குமாஸ்தா கடைக்கு வந்தார். மேலிடத்திலிருந்து வந்த படிவம், முப்பத்தொரு காப்பி வேண்டும், அவசரம். மேலே சான்றிதழ், கீழே மாணவர் கையெழுத்துப் போட வேண்டிய வரி. வக்கீல் கண்ணாடியில் கவிழ்த்துப் போடுவதற்கு முன்னால், வழக்கம்போலச் சட்டத்தை மீறினாள்.

'மேற்படி சான்றிதழை இன்று பெற்றுக் கொன்றேன்.'

இன்னொரு முறை படித்தாள். கொண்டேன் இல்லை. கொன்றேன். எந்த ஆபீசில் எந்த டைப்பிஸ்ட் எந்த அவசரத்தில் அடித்தாரோ, எத்தனை பேர் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பினார்களோ, ஒருவர் கண்ணிலும் படவில்லை. வேறு நாளாக இருந்தால், "சார், இதுல எழுத்துப் பிழை" என்று சொல்லியிருப்பாள். அன்று வாயை மூடிக்கொண்டு முப்பத்தொன்று என்று பட்டனை அழுத்தினாள்.

காப்பிகளை அடுக்கித் தட்டிச் சீராக்குவது அப்பாவின் வேலை. அவர் மேல் தாளைக் கையில் எடுத்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"சரியாத்தான் எழுதியிருக்கான்!"

குமாஸ்தா பாவம், பாராட்டு என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை பள்ளி ஹாலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேடையில் ஒரு மேசை, அதன் மேலே படிவங்கள், பேனா, மை தடவிய பஞ்சு. மேசைக்குப் பின்னால் பதிவு அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை. வாசலில் அவருடைய வண்டி நின்றது. கையெழுத்துப் போட்டவர்களில் பதினெட்டு முடிந்தவர்களை அங்கேயே பதிந்துகொள்வதாக ஏற்பாடு. தலைமையாசிரியர் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் எண் வகுப்பில் எப்போதும் முதலாக வரும் பெண். அவளை எல்லோரும் ராங்க் என்று கூப்பிடுவார்கள். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. அவள் பேனாவைக் கையில் எடுத்ததும் வக்கீல் எழுந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். அந்தக் கடைசி வரியை ஒரு தடவை சத்தமாப் படிக்க முடியுமா?"

அதிகாரி சலிப்போடு படித்தார். பாதி வரை நன்றாகத்தான் போனது. கடைசிச் சொல்லில் அவர் குரல் தடுக்கியது.

"கொன்றேன்னு போட்டிருக்கு சார்" என்றாள் வக்கீல். "நாங்க இன்னும் யாரையும் கொல்லலை. இதுல கையெழுத்துப் போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இல்ல, முன்கூட்டியே எழுதி வாங்கறீங்களா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பிறகு, யார் முதலில் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை, சட்டென்று அடங்கியது. பின்வரிசையில் நின்றிருந்த பெற்றோர்களில் ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரியின் காது சிவந்தது. ஆனால் மனிதர் கெட்டிக்காரர். பேனாவை எடுத்தார், அந்தச் சொல்லை அடித்தார், மேலே 'கொண்டேன்' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு மிச்ச முப்பதையும் அப்படியே திருத்தச் சொன்னார். கால் மணி நேரம். வக்கீல் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த வழக்கு கால் மணி நேரத்தில் முடிந்தது.

"வேற ஏதாவது உண்டாம்மா?" என்றார் அதிகாரி.

அவள் வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து அவளைக் கைவிடாத வாய் அன்றைக்குக் கைவிட்டது.

"அப்போ எண் வரிசையெல்லாம் வேணாம். பதினெட்டு தாண்டினவங்க முதல்ல. அந்த உயரமான பையன், நீ வா."

சீனியர் மேடையேறினான். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அவன் படிவத்தைக் கையில் எடுத்து மெதுவாகப் படித்தான். 'கணக்கு: தேர்ச்சி' என்ற இடத்தில் அவன் கட்டைவிரல் நின்றது. அந்த எழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தான். பேனாவை வாங்கினான். வாங்கிய பேனாவை மேசைமேல் வைத்தான்.

"சார், கணக்குல தேர்ச்சின்னு போட்டிருக்கு. நான் பரீட்சையே எழுதலையே."

"அதான் எழுதாமலே பாஸ் போட்டாச்சே."

"வேணாம் சார். எனக்குப் பரீட்சை வைங்க."

"எழுதினா நீ பாஸாவியா?"

"ஆக மாட்டேன் சார்."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "ஃபெயிலானா அசிங்கமா இருக்காதா?"

"பழக்கம்தான் சார்."

"ஒரு வருஷம் இங்கயே கெடப்பே."

"உயிரோட கெடப்பேன் இல்ல சார்" என்றான் சீனியர்.

அவன் அதைக் கத்திச் சொல்லவில்லை. ஏதோ விலாசம் சொல்வது போலத்தான் சொன்னான். ஆனால் தங்கை கண்ணைத் திறந்துவிட்டாள். இவ்வளவு நாளாக இந்த மடையனுக்காக நாம் வாதாடிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ராங்க் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "எனக்கும் பரீட்சை வேணும் சார்." பின்னாலிருந்து இன்னொருவன். அப்புறம் யார், எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் என்று அந்த ஹாலில் கடைசியில் இரண்டே பேர்தான், அதிகாரியும் தலைமையாசிரியரும்.

"என்ன ஸ்கூல் நடத்தறீங்க?" அதிகாரி தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "இப்பவே கையெழுத்து வாங்கிக் குடுங்க."

அரசாங்கம் ரத்து செய்தது பொதுத்தேர்வை. மாணவன் எழுதிக் கேட்டால் பள்ளி தன்னளவில் தேர்வு வைக்கலாம் என்ற பழைய விதியை யாரும் ரத்து செய்யவில்லை. அது தலைமையாசிரியருக்குத் தெரியும். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பையன்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பாக்கலாம்" என்றார்.

"திங்கக்கிழமைக்குள்ள எனக்கு வந்தாகணும்!"

"பாக்கலாம் சார்."

"நான் யாருகிட்டப் பேசறேன்னு உங்களுக்குத் தெரியுதா? உங்க வேலை போயிடும்!"

எல்லோரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அவர் படிவங்களை அப்படியே அடுக்கி அதிகாரியிடம் நீட்டினார். "அதையும் பாக்கலாம் சார்."

முப்பத்தொரு பேரும் தேர்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பரீட்சைக்குப் பத்து நாள் விட்டார்கள். அந்தப் பத்து நாளும் சீனியர் மெஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். பாழான காப்பித் தாள்களின் பின்பக்கம் முழுக்க அவன் கணக்கு.

"ஃபெயிலாகறதுக்கு எதுக்குடா இவ்வளவு படிக்கறே?" என்றாள் தங்கை.

"தெரியாம ஃபெயிலாகி அலுத்துப்போச்சு. இந்த வாட்டி தெரிஞ்சு ஃபெயிலாகறேன். அந்த வட்டத்துக் கணக்கை இன்னொரு தடவை சொல்லு."

அவள் சொல்லிக்கொடுத்தாள். திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். மண்டையில் இரண்டு குட்டும் வைத்தாள்.

தலைமையாசிரியரிடம் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு, அது பள்ளி முழுக்கத் தெரியும். விடை சரியோ தப்போ, மாணவன் தானே கோடு போட்டு அடித்துவிட்டால் அதைப் படிக்கவே மாட்டார். அடித்ததற்கு மார்க் கிடையாது. அன்று மூன்று மணி நேரமும் முப்பத்தொரு பேரும் தலை நிமிராமல் எழுதினார்கள். மேல்தாள் வேண்டும் என்று கேட்டு வாங்கி எழுதினார்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்கேல்கள் வெளியே வந்தன. முப்பத்தொரு ஸ்கேல். தாளுக்குத் தாள், கணக்குக்குக் கணக்கு, மூலைக்கு மூலை கோடு. வேறு சத்தமே இல்லை அந்த அறையில். ராங்க் அழுதுகொண்டே கோடு போட்டாள். அந்தக் கல்லூரிக் கடிதத்தை அவள் அப்பா ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அழுதாள், ஆனால் ஒரு கணக்கைக்கூட விட்டுவைக்கவில்லை.

அதிகாரி புதுப் படிவங்களோடு வந்தார். இந்த முறை ஒரு எழுத்துப் பிழை கிடையாது. தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியலை அவர் முன்னால் வைத்தார்.

"ஒருத்தர்கூடவா பாஸாகலை?"

"கணக்கு கொஞ்சம் கஷ்டம் சார்" என்றார் தலைமையாசிரியர்.

அதற்கு விலை இல்லாமலா? இரண்டே வாரத்தில் அவரை எங்கேயோ மூலையில் ஒரு பள்ளிக்குத் தூக்கி அடித்தார்கள். ராங்கின் கல்லூரி இடம் போனது. கிளம்புகிற அன்று தலைமையாசிரியர் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். மாற்றல் உத்தரவைக் காப்பி எடுக்க வந்ததாகச் சொன்னார். எடுத்து முடித்த பிறகும் போகாமல் நின்றார்.

"அடிச்ச விடையைப் படிக்கற பழக்கம் எனக்குக் கிடையாது" என்றார் சீனியரிடம். "உன்னுதை மட்டும் படிச்சேன். அடிக்காம விட்டிருந்தா நாப்பத்தொண்ணு."

"பாஸ் மார்க் முப்பத்தஞ்சுதானே சார்?" என்றான் அவன்.

"முப்பத்தஞ்சுதான்."

சீனியர் மூலையில் இருந்த அப்பாவிடம் ஓடிப்போய் கையில் நான்கு, ஒன்று என்று விரலைக் காட்டினான். அப்பாவுக்கு என்ன புரிந்ததோ, "சபாஷ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த பத்திரத்தைக் கீழே போட்டார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தது. போர் இன்னும் வந்தபாடில்லை, போனபாடும் இல்லை. கடைசி வகுப்பில் புதிதாக வந்தவர்கள் முப்பத்து நான்கு பேர், பழையவர்கள் முப்பத்தொரு பேர். பெஞ்சுக்கு ஐந்து பேராக இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதுத் தலைமையாசிரியர் மேலிடத்தின் செல்லப்பிள்ளை என்று கேள்வி. அவர் வந்ததும் வராததுமாகப் பிரம்பை மேசைமேல் தட்டினார்.

"போன வருஷம் ஃபெயிலானதுங்க எல்லாம் எழுந்திரு. புதுப் பசங்க பாக்கட்டும்."

முப்பத்தொரு பேர் எழுந்தார்கள். அவர் இத்தனை பேரை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஒவ்வொருத்தரா மார்க்கைச் சொல்லு. கணக்குல எவ்வளவு?"

"சைபர் சார்" என்றாள் ராங்க். குரல் கணீரென்று இருந்தது.

"சைபர் சார்" என்றான் அவள் பக்கத்தில் நின்றவன்.

"சைபர்." "சைபர் சார்." பெஞ்ச் பெஞ்சாக அது பின்னால் வந்துகொண்டிருந்தது. யாரும் தலையைக் குனியவில்லை. சீனியர் தன் முறைக்குக் காத்திருக்க முடியாமல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றான். முறை வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி, கூரை அதிரச் சொன்னான்: "சைபர் சார்!"

அவனுக்கு அடுத்து வக்கீல். ஒற்றை வார்த்தையில் அவள் பதில் சொல்லி அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் உயிரோடு நின்ற அண்ணனின் தோள் அவள் தோளில் இடித்தது. அவள் புதுத் தலைமையாசிரியரின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"சைபர்" என்றாள்.